சட்டம் கேளாத எண்ணை வங்கி கேட்கலாமா?

ஓர் ஊரில் எத்தனை பேர் சொந்த உழைப்பில் சிறுதொழில் நடத்தி ஜீவிக்கிறார்கள் என்பதைக் கொண்டே அவ்வூரின் பொருளாதார பலத்தை மதிப்பிட வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம். ஆகையால், அத்தகையவர்கள் தங்கள் கடையின் பெயரில் வங்கியில் ஒரு நடப்புக் கணக்குத் தொடங்கப் போகும்போது, சட்டம் அவர்களிடம் எதிர்பாராத ஒரு வரிப்பதிவு எண்ணைப் பெற்றுவரும்படி சொல்லித் திருப்பியனுப்பும் வழக்கம் நாளுக்கு நாள் வேரூன்றி வருவதைக் காணுங்கால், இது ஏதோ ஓர் அலுவலகச் சிரமம்தானே என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை.

சட்டம் கேட்பது என்ன என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்வது நலம். பான் என்று எல்லோரும் வழங்கும் நிரந்தரக் கணக்கு எண் 1970-களில் வருமான வரி முறையில் இடம்பெற்று, 1995-ஆம் ஆண்டில் இன்றைய பத்து இலக்க வடிவத்தை அடைந்தது. அந்தப் பத்தில் நான்காவதாக நிற்கும் ஆங்கில எழுத்து, எண்ணுக்குரியவர் தனிமனிதரா, கூட்டு வியாபார நிறுவனமா, கம்பெனியா, அறக்கட்டளையா, இந்து கூட்டுக் குடும்பமா என்பதைக் காட்டிவிடும். தனிமனிதராயின் ‘பி’, கூட்டு நிறுவனமாயின் ‘எஃப்’, கம்பெனியாயின் ‘சி’, அறக்கட்டளையாயின் ‘டி’ என்பது ஏற்பாடு. இருவரோ மூவரோ சேர்ந்து ஒப்பந்தப் பத்திரம் எழுதி நடத்தும் வியாபாரத்துக்கு, பங்காளிகளின் சொந்த எண்கள் போதாமல், நிறுவனத்துக்கென்று தனி பான் எண் வேண்டும். அதைப் பெற்ற பிறகே கணக்குத் தொடங்க முடியும். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே ஆள் நடத்தும் கடைக்கு, அது மளிகைக் கடையானாலும் வெல்டிங் பட்டறையானாலும், தனி பான் எண் என்று ஒன்று சட்டத்தில் கிடையவே கிடையாது. உரிமையாளரின் எண்ணே கடையின் எண். அவர் வேறு, அவருடைய தொழில் வேறு என்று வருமான வரிச் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்த விதியொன்று, நடப்புக் கணக்குத் தொடங்குகிறவர் பான் எண் பெற்றிருக்க வேண்டுமென்று வெளிப்படையாகவே கூறியது. அதையும் நான் நியாயமென்றே கொள்கிறேன். ஆதார் உடைய தனிமனிதர் எவரும் வருமான வரித் துறையிடமிருந்து கட்டணமின்றி, சில நிமிஷ நேரத்தில், மின்னணு வடிவில் அந்த எண்ணைப் பெற்றுவிடலாமாகையால், அது யாருக்கும் பெரிய தடையாக நிற்பதில்லை.

தடை அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. ஈரோட்டுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், வாடகை வீட்டின் முன்னறையில் மூன்று தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு, பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தும் அம்மையார் ஒருவரை எனக்கு நன்கு தெரியும். துணியைப் பள்ளி நிர்வாகமே கொடுத்துவிடுகிறது. வெட்டித் தைத்து, பித்தான் வைத்து, காஜா எடுத்து, அளவுவாரியாகக் கட்டி அனுப்பும் கூலிதான் அவர் வருமானம். வருஷத்தில் அது ஐந்து லட்ச ரூபாயைத் தொடுவதில்லை. சென்ற முறை பள்ளியிலிருந்து வந்த காசோலை, அவர் பெயருக்கு எழுதப்படாமல், ரசீதில் அச்சிட்டிருந்த கடையின் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. அதைத் தம் சேமிப்புக் கணக்கில் போட முயன்றார். பெயர் வேறாக இருப்பதால் ஏற்கவியலாதென்று சொல்லிவிட்டார்கள். முறைப்படி அது சரியே. கடையின் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிவிடலாமென்று பான் அட்டை, ஆதார், இரண்டு புகைப்படங்கள் சகிதமாக மறுநாள் சென்றவரிடம், “ஜிஎஸ்டி சர்டிபிகேட் இருந்தா எடுத்துட்டு வாங்கம்மா, அது இல்லாம கடை பேர்ல கரண்ட் அக்கவுண்ட் போட முடியாதுங்க” என்று மரியாதையாகவே பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவருடைய வேலைக்கு ஜிஎஸ்டி வேண்டியதில்லையே என்று சொல்ல அவருக்கும் தெரியவில்லை. உண்மையில் வேண்டுமா என்று பார்த்துச் சொல்ல, மேசைக்கு அப்பால் இருந்தவருக்கு அவகாசமுமில்லை.

ஜிஎஸ்டி எனப்படும் சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தபோதே, சிறு வியாபாரிகளை அதன் வலைக்கு வெளியே நிறுத்துவதென்பது கொள்கையாக ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்கிறவருக்குப் பொதுவாக ஆண்டு விற்றுவரவு 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். சேவை செய்கிறவருக்கு 20 லட்சத்தைத் தாண்டினால். மாநிலம் கடந்து சரக்கு விற்பவர் போன்ற சிலருக்கு மட்டும் வேறு விதி உண்டு. சீருடை தைக்கும் நம் அம்மையார் அந்த எல்லையின் கால்பங்கைக்கூட எட்டாதவர். பாராளுமன்றமும் சட்டசபையும் ஜிஎஸ்டி கவுன்சிலும் ஆலோசித்து, ‘உனக்கு இந்தப் பதிவு வேண்டாம்’ என்று விலக்களித்த ஒருவரை, ஒரு வங்கிக் கிளையின் சரிபார்ப்புத் தாள் ‘உனக்கு இது வேண்டும்’ என்று கட்டாயப்படுத்துமானால், விலக்களித்ததன் பிரயோஜனந்தான் என்ன?

இதில் வருந்தத்தக்கது யாதெனில், ரிசர்வ் வங்கி இப்படிச் செய்யும்படி எங்கும் கூறவில்லை என்பதே. வாடிக்கையாளரை அறிதல் குறித்து அது வெளியிட்டிருக்கும் வழிகாட்டு நெறிகள், ஒரே ஆள் நடத்தும் கடையின் பெயரில் கணக்குத் தொடங்க, உரிமையாளரின் அடையாளத்தோடு, தொழில் நடப்பதற்கு அத்தாட்சியாக இரண்டு ஆவணங்கள் வேண்டுமென்கின்றன. அந்த இரண்டை ஒரு நீண்ட பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: சிறுதொழில்களுக்கான உத்யம் உள்ளிட்ட பதிவுச் சான்றிதழ், நகராட்சி உரிமம், கடைகள் நிறுவனங்கள் சட்டப்படியான சான்று, ஜிஎஸ்டி சான்றிதழ், தொழில் வரிப் பதிவு, தொழில் வருமானத்தைக் காட்டும் வருமான வரிக் கணக்கு, மின்சார ரசீது, தண்ணீர் ரசீது என்று அது விரிந்து செல்கிறது. ஜிஎஸ்டி சான்றிதழ் அவற்றுள் ஒன்றேயன்றி, மற்றெல்லாவற்றுக்கும் தலைமையான ஒன்றன்று. அதற்கும் மேலாக, இரண்டு ஆவணங்கள் கொடுக்க இயலாத நிலையில் ஒருவர் இருக்கிறாரென்று வங்கி திருப்தியடையுமானால், ஓர் ஆவணத்தையே ஏற்றுக்கொண்டு, தொழில் நடக்கும் இடத்துக்கு நேரில் சென்று பார்த்து, உறுதிசெய்துகொண்டு கணக்குத் தொடங்கலாமென்ற இரக்கமுள்ள இடமும் அந்த நெறிகளிலேயே இருக்கிறது. எழுதியவர்களுக்கு இந்தத் தேசத்தின் தெருக்கள் தெரிந்திருக்கின்றன. கிளையில் அமர்ந்து வாசிக்கிறவர்கள்தாம் அந்த வாக்கியம் வரையில் வாசிப்பதில்லை.

இந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு விசேஷச் சிக்கல் இருக்கிறது. அதைப்பற்றி யாரும் பேசக் காணோம். கர்நாடகம் போன்ற மாநிலங்களில் கடை திறக்கிறவர் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்து சான்றிதழ் பெறுவது நெடுங்காலமாக உள்ள ஏற்பாடு. அங்கே வங்கிக்குச் செல்கிறவரின் கையில் முதல் ஆவணமாக அது இருந்துவிடுகிறது. நம்முடைய 1947-ஆம் ஆண்டுச் சட்டமோ, வேலைநேரம், விடுமுறை, கூலி முதலானவற்றைப்பற்றி விரிவாகப் பேசிற்றே தவிர, கடையைப் பதிவுசெய்து சான்றிதழ் தரும் வழியை வகுக்கவில்லை. 2018-இல் திருத்தம் செய்து, 2024-இல் அதனை அமலுக்குக் கொண்டுவந்தபோதும், பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் இடங்களையே அது பதிவுக்கு உட்படுத்திற்று. இருவரும் மூவருமாக வேலைசெய்யும் கடைகளே நம் கடைத்தெருக்களில் மிகுதி. அவற்றுக்குப் பட்டியலில் எழுதியிருக்கும் அந்த ஆவணம் கிடைப்பதற்கில்லை. நம் அம்மையாரைப் போன்றவர்களுக்கு மின்சார ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. தண்ணீர் ரசீதும் அவர் பெயரில்தான். முன்னறையில் நடக்கும் தையல் வேலைக்கு ஊராட்சி உரிமம் வாங்க வேண்டுமென்று யாரும் எண்ணியதேயில்லை. வருமான வரிக் கணக்கோ, வரி கட்டுமளவுக்கு வருமானமில்லாதவர் கொடுப்பதில்லை. இவ்விதமாக ஒவ்வொரு வழியும் அடைபட்ட பிற்பாடு, உத்யம் பதிவைப்பற்றி அறியாதவருக்கு, இணையத்தின் வழியே எளிதில் வாங்கிவிடக்கூடியதாக எஞ்சி நிற்பது ஜிஎஸ்டி எண் ஒன்றுதான். பஸ் நிலையத்துக்கு எதிரிலுள்ள கணினி மையத்துக்காரரும், “வாங்கிடலாங்கக்கா, ஒரு வாரத்துல வந்துரும்” என்கிறார்.

வந்துவிடத்தான் செய்கிறது. பதினைந்து இலக்கங்கள், முதலில் தமிழ்நாட்டைக் குறிக்கும் 33, அதையடுத்து அவருடைய பான் எண்ணின் பத்து இலக்கங்கள் அப்படியே, பிறகு மூன்று. பழைய விற்பனை வரிக் காலத்தில், ரசீதுப் புத்தகத்தின் தலைப்பில் டிஎன்ஜிஎஸ்டி எனப்பட்ட அந்த வரியின் எண்ணை அச்சிட்டுக்கொள்வது கடைக்காரர்களுக்கு ஒரு கௌரவமாகவே இருந்தது. இப்போதும் ஜிஎஸ்டி எண் வந்த நாளில் ஒரு மகிழ்ச்சி உண்டாவது இயல்பே. ஆனால், தாமாக விரும்பிப் பதிவு செய்துகொண்டவருக்கு, வரம்புக்குக் கீழே இருப்பவரென்ற சலுகை மறைந்து, கட்டாயமாகப் பதிவு செய்தவருக்குள்ள கடமைகள் யாவும் முதல் ரூபாயிலிருந்தே வந்து பொருந்துகின்றன என்பதை அந்த நாளில் அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. மாதந்தோறுமோ மூன்று மாதத்துக்கொரு முறையோ கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கோடை விடுமுறையில் ஒரு சட்டைகூடத் தைக்காத காலத்துக்கும், தைக்கவில்லையென்று தெரிவித்துத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். தவறினால் அத்தகைய வெறுங்கணக்குக்கும் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம், கணக்கொன்றுக்கு 500 ரூபாய் உச்சம் வரையில் தாமதக் கட்டணம் ஏறும். தைத்த மாதங்களிலோ கூலியின்மேல் வரி வசூலித்துச் செலுத்த வேண்டும். பள்ளிக்கூடம் அந்த வரியைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள வழியில்லையாதலால், கூலியை உயர்த்திக் கேட்டால் வேறு தையற்காரரைத் தேடிப் போய்விடும். கேட்காவிட்டால் வரி அவருடைய கூலியிலிருந்தே கழியும். ஆடிட்டர் அலுவலகத்துக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டிய தொகை தனி. ஒரு காசோலையை மாற்றிக்கொள்வதற்காக வங்கிக்குப் போன ஒரு பெண்மணி, ஆயுளுக்கும் கணக்கெழுதும் பாரத்தைச் சுமந்துகொண்டு திரும்புகிறார்.

போதாக்குறைக்கு, ஜிஎஸ்டி விதியும் வங்கி வழக்கமும் ஒன்றையொன்று துரத்துகின்றன. பதிவு கிடைத்த 30 நாட்களுக்குள், அல்லது முதல் விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன், இவற்றுள் எது முந்தியதோ அதற்குள், வங்கிக் கணக்கின் விவரத்தைத் தெரிவிக்க வேண்டுமென்பது வரித்துறையின் விதி. இந்த அவகாசம் முதலில் 45 நாட்களாக இருந்து பின்னர் குறைக்கப்பட்டது. வங்கியில் ‘இடத்தைப் பார்க்க ஆள் வரவேண்டும், மேலிடத்து அனுமதி வரவேண்டும்’ என்று நாட்கள் ஓடிவிடுமானால், பதிவு நிறுத்திவைக்கப்படும் அபாயம் நேர்கிறது.

வங்கி ஊழியர்களின் பக்கத்தையும் நான் அறியாதவனல்லேன். பணமோசடித் தடுப்புச் சட்டம் 2005-ஆம் ஆண்டில் அமலுக்கு வந்ததிலிருந்து அவர்கள் தலைமேல் பெரும் பொறுப்பைச் சுமத்தியிருக்கிறது. இணையவழி மோசடிக்காரர்கள் ஏழைகளுக்குச் சிறு தொகையைக் கொடுத்து, அவர்கள் பெயரில் கணக்குகளைத் தொடங்கி, கொள்ளைப் பணத்தை அவற்றின் வழியே ஓடவிடுகிறார்கள்; நாளைக்கு விசாரணை வந்தால், கணக்குத் தொடங்கிய அதிகாரியிடம்தான் ‘எந்த ஆதாரத்தைப் பார்த்தீர்?’ என்ற கேள்வி எழும். அந்த அச்சம் நியாயமானது. ஆயினும், நிதானமாக யோசித்தால், ஜிஎஸ்டி சான்றிதழ் அந்த அச்சத்துக்கு மருந்தாவதில்லையென்பது விளங்கும். கூலி வேலை செய்கிறவர்களின் பான், ஆதார் நகல்களைக் கொண்டு அவர்கள் அறியாமலே போலி நிறுவனங்கள் பதிவாகி, கோடிக்கணக்கான ரூபாய்க்கு வரி நோட்டீஸ் அவர்கள் குடிசை வாசலில் வந்து நின்ற செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அந்தப் போலி நிறுவனங்கள் ஒவ்வொன்றின் கையிலும் பிழையற்ற ஜிஎஸ்டி சான்றிதழ் இருந்தது. இல்லாமல் இருந்தது கடை ஒன்றுதான். வஞ்சகன் காகிதத்தைக் குறைவின்றிக் கொண்டுவருவான். காகிதம் இல்லாமல் தவிப்பவர் உண்மையில் தொழில் செய்கிறவரே. ஆகவே, ஊழியர் ஒருவர் அரைமணி நேரம் ஒதுக்கி அந்தத் தெருவுக்குச் சென்று, இயந்திரம் ஓடுவதையும், கட்டிவைத்த சீருடை மூட்டைகளையும், அளவுக் குறிப்பு நோட்டையும் பார்த்து, பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை விசாரித்து வருவாரானால், அந்த விசாரணையே வங்கிக்கு மெய்யான பாதுகாப்பு; ஏழைக்கும் அதுவே உபகாரம். ரிசர்வ் வங்கி அனுமதித்த வழியும் அதுதான். கிளைகளில் ஆட்கள் குறைவென்பதையும், இருப்பவர்களிடம் காப்பீடு விற்கும் இலக்கு வேறு திணிக்கப்பட்டிருப்பதையும் நான் அறிவேன். ஆனால் அந்தக் குறையை நிர்வாகந்தான் சரிசெய்துகொள்ள வேண்டும். அதன் விலையைச் சீருடை தைக்கிறவர் கொடுப்பது தர்மமாகாது.

பெயர்ப் பொருத்தத்தைப்பற்றியும் இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். தமிழர்கள் இதில் படும் பாடு தனிப்பட்டது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் பெரும்பாலும் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். பெண்கள் விவாகத்துக்குப் பின் கணவர் பெயரின் எழுத்துக்கு மாறிவிடுவதும் உண்டு. பான் விண்ணப்பமோ முதலெழுத்தை ஏற்பதில்லை; விரித்து எழுதச் சொல்கிறது; கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடவும் விடாது. அதனால் ஒருவர் தகப்பனார் பெயரை அங்கே எழுதுகிறார், இன்னொருவர் தம் பெயரையே எழுதுகிறார்; பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து அந்தக் கட்டத்திலிருந்தே எடுக்கப்படுவதால், தமிழர் பலருடைய எண்ணில் தகப்பனாரின் எழுத்து நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது. ஆதாரில் முதலெழுத்து, பானில் விரிந்த பெயர், வங்கிப் புத்தகத்தில் பின்னால் ஓரெழுத்து, வீட்டு வாடகைப் பத்திரத்தில் வேறொன்று என்றிருக்கும்போது, நான்கும் ஒரே ஆளைக் குறிக்கவில்லையென்று கணினி தீர்ப்புச் சொல்லிவிடுகிறது; கணினி சொன்னதை மறுக்க அதிகாரிக்குத் துணிவு வருவதில்லை. ஆகையால் தொழில் தொடங்க எண்ணுகிறவர்கள், வேறெதற்கும் அலையுமுன், ஆதாரிலும் பானிலும் தம் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருக்கும்படி திருத்திக்கொள்வதை முதற்காரியமாகச் செய்துகொள்ளும்படி நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு அடுத்த காரியம் உத்யம் பதிவு. மத்திய சர்க்கார் 2020 ஜூலை முதல் தேதி தொடங்கிய இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது; ஆவணம் எதையும் ஏற்ற வேண்டியதுமில்லை; ஆதாரும் பானும் இருந்தால் கடையின் பெயர் தாங்கிய சான்றிதழ் கிடைத்துவிடும். இதிலும் ஜிஎஸ்டி எண் கட்டாயமென்று ஒரு கட்டத்தில் அறிவிக்கப்பட்டு, அது சிறு தொழிலாளிகளுக்குப் பெருந்தடையாகுமென்பதை உணர்ந்து, ஜிஎஸ்டி சட்டப்படி பதிவு வேண்டாதவர்கள் அந்த எண்ணில்லாமலே உத்யம் பெறலாமென்று 2021 மார்ச்சில் திருத்திக்கொண்டார்கள். மத்திய சர்க்காரே ஒப்புக்கொண்ட இந்த நியாயத்தை வங்கிக் கிளை ஒப்புக்கொள்ள என்ன தயக்கம்? இலவசமான இந்தச் சான்றிதழுக்கு ஆயிரமும் இரண்டாயிரமும் வாங்கும் இடைத்தரகர்களும், அரசாங்க முகப்பைப் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்களும் பெருகிவிட்டன என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன்.

எண்களைக் கண்டு எளியோர் அஞ்சும்படி செய்துவிட்டால் என்ன நேருமென்பதற்குப் பெங்களூர் ஒரு சான்று. 2025 ஜூலையில், யுபிஐ மூலம் வந்த வரவை வைத்து, சிறு கடைக்காரர்கள் பலருக்கு அங்கே ஜிஎஸ்டி நோட்டீஸ் சென்றது. சென்ற மாத்திரத்தில் காய்கறிக் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் க்யூஆர் அட்டைகள் கழற்றப்பட்டு, ‘ரொக்கம் மட்டும்’ என்ற தாள்கள் தொங்கலாயின. வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்த வியாபாரம் மறுபடியும் பெட்டிக்குள் போயிற்று. நாணயமாகக் கடையின் பெயரில் கணக்கு வைத்துக்கொள்ள வருகிறவரை விரட்டுவதும் அதே பலனைத்தான் தரும். அவர் தம் சேமிப்புக் கணக்கிலேயே வியாபாரத்தை நடத்துவார், அல்லது மைத்துனர் பெயரில் நடத்துவார். கடன் கேட்கப் போகும் நாளில், தொழில் நடந்ததற்கு ஒரு வரி அத்தாட்சியும் அவரிடமிராது.

செய்யவேண்டியவை பெரிய காரியங்களல்ல. நடப்புக் கணக்குக்கு எவையெவை ஏற்கப்படும் என்ற முழுப் பட்டியலையும், ஓர் ஆவணம் மட்டும் உள்ளவருக்கு நேரில் பார்த்துக் கணக்குத் தரப்படும் என்ற வாக்கியத்தையும் சேர்த்து, ஒவ்வொரு கிளையிலும் தமிழில் எழுதி, வருகிறவர் கண்ணில் படும் உயரத்தில் மாட்ட வேண்டும். மறுப்பதாயின் எழுத்தில் மறுக்க வேண்டும். விண்ணப்பங்களை யோசனையின்றி நிராகரிக்கலாகாது, காரணத்தை அதிகாரி பதிவுசெய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கூறியிருப்பது, வாய்மொழியாக ‘முடியாதுங்க’ என்று சொல்லும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பதற்கே. மாநில சர்க்கார், பத்துப் பேருக்குக் குறைவான கடைகளும் விரும்பினால் கட்டணமின்றிப் பதிவுசெய்து சான்றிதழ் பெறும்படி, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சிறு பிரிவைச் சேர்க்கலாம். ஆய்வும் அபராதமும் அதனோடு ஒட்டிக்கொண்டு வராமல் பார்த்துக்கொண்டால், லட்சக்கணக்கான கடைகளுக்கு அது அடையாளமாகும்.

ஏற்கெனவே வங்கிக்காக ஜிஎஸ்டி எண் வாங்கிவிட்டு விழிப்பவர்கள் விஷயத்தில் இன்னும் அவசரம் இருக்கிறது. வரம்புக்குக் கீழே உள்ளவர் தாமே விண்ணப்பித்து அந்தப் பதிவை ரத்துசெய்துகொள்ளலாம். ரத்தான பின் மூன்று மாதங்களுக்குள் இறுதிக் கணக்கொன்றைத் தாக்கல் செய்ய வேண்டும். கணக்கே கொடுக்காமல் விட்டுவிட்டால் தானாக ரத்தாகிவிடுமென்று எண்ணி வாளாவிருப்பவர்கள் மிகப் பலர். துறையே ஒருநாள் ரத்துசெய்தாலும், அதுவரையில் விட்டுப்போன கணக்குகளும் அவற்றின் தாமதக் கட்டணமும் அந்த எண்ணோடு மறைவதில்லை. வணிகவரி அலுவலகங்கள் தத்தம் எல்லைக்குட்பட்ட ஊர்களில், சந்தை கூடும் நாளில் ஒரு மேசையைப் போட்டு, அப்படிப்பட்டவர்களின் நிலுவைக் கணக்குகளை அங்கேயே தாக்கல்செய்வித்து, ரத்து விண்ணப்பத்தையும் கையோடு பெற்றுக்கொள்ளலாம். அதற்குப் புதிய சட்டமொன்றும் தேவையில்லை.